மேன்ஸ்ப்ளெயினிங்: பொருளும் பிறப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேன்ஸ்ப்ளெயினிங் என்றால் என்ன?

ஒரு விஷயத்தை நன்கு அறிந்த பெண்ணிடம், அவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்று தாமாகவே முடிவு கட்டிக்கொண்டு, ஓர் ஆண் பெரிய மனிதத் தோரணையில் அதை விளக்கத் தொடங்குவதே மேன்ஸ்ப்ளெயினிங். விளக்குகிறவருக்கு அந்த விஷயம் அரைகுறையாகத் தெரிந்திருப்பதும், கேட்கிறவருக்கு அது தொழிலாகவே இருப்பதும் இதில் அடிக்கடி நேர்வது.

ஆடிட்டராகப் பல ஆண்டுகள் தொழில் செய்யும் ஒரு பெண் கல்யாண வீட்டுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருக்கும் உறவினர், வருமான வரியில் பழைய முறை, புதிய முறை என்று இரண்டு இருப்பதாக அவருக்குப் பாடம் எடுக்கிறார். "தெரியும் சித்தப்பா, அதுதானே என் வேலை" என்கிறார் அவர். "இருக்கட்டும்மா, கேட்டு வைத்துக்கொள்" என்று சித்தப்பா மேலே தொடர்கிறார். முதல் பாதி அறியாமையில் நடந்தது, அதை மன்னித்துவிடலாம். "அதுதானே என் வேலை" என்று கேட்ட பிறகும் நிறுத்தாமல் போன அந்த இரண்டாம் பாதியைத்தான் இந்தச் சொல் குறிவைக்கிறது.

ஆண் ஒருவர் பெண்ணுக்கு எதை விளக்கினாலும் அது மேன்ஸ்ப்ளெயினிங் ஆகிவிடுமா?

ஆகாது. கேட்டதற்குப் பதில் சொல்வதும், ஆசிரியர் பாடம் நடத்துவதும், மருத்துவர் நோயாளிக்கு மருந்தை விளக்குவதும் இதில் சேராது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு, ஆணோ பெண்ணோ, வேலையைக் கற்றுக்கொடுப்பதும் சேராது. எதிரில் இருப்பவருக்கு என்ன தெரியும் என்று கேட்டறியும் எண்ணமே எழாமல் பேசத் தொடங்குவதும், அவர் சொல்லிய பிறகும் அதைக் காதில் வாங்காததும் சேர்ந்தால்தான் இந்தப் பெயர் பொருந்தும்.

இந்தச் சொல் எப்படி அமைந்தது?

ஆங்கிலத்தில் ஆணைக் குறிக்கும் 'மேன்' என்ற சொல்லையும், விளக்குதலைக் குறிக்கும் 'எக்ஸ்ப்ளெயின்' என்ற சொல்லின் பிற்பாதியையும் ஒட்டிச் செய்தது. 'ஸ்ப்ளெயின்' என்று தலையை வெட்டிப் பேசுவது ஆங்கிலப் பேச்சு வழக்கில் முன்பே இருந்ததால், புதிய சொல் வாயில் எளிதாக உட்கார்ந்துவிட்டது. 'எக்ஸ்ப்ளெயின்' என்பதன் லத்தீன் மூலத்துக்கு 'மேடு பள்ளமின்றிச் சமப்படுத்துவது' என்று பொருள்.

இதன் பின்னணியில் ஒரு விருந்துக் கதை உண்டாமே?

உண்டு. 2003ஆம் ஆண்டு கோடையில், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து ஆஸ்பென் நகருக்கு மேலே மலைச்சரிவில் இருந்த ஒரு வீட்டில் விருந்து. அழைக்கப்பட்டவர்களில் ஒருவர் எழுத்தாளர் ரெபெக்கா சோல்னிட். உடன் வந்தவர் அவருடைய தோழி சாலி. விருந்து கொடுத்தவர் வயதில் மூத்தவர், பெரும் பணக்காரர். எல்லோரும் கலையும் நேரத்தில் இவர்கள் இருவரையும் இருக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் ஓரிரண்டு புத்தகம் எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேனே என்று சோல்னிட்டிடம் பேச்செடுத்தார். அவர் அதற்குள் ஆறேழு புத்தகங்கள் எழுதியிருந்தார். எதைப் பற்றி என்று கேட்டபோது, அந்த ஆண்டு வெளிவந்திருந்த கடைசிப் புத்தகத்தை மட்டும் சொல்லத் தொடங்கினார்.

அது எட்வர்ட் மைபிரிட்ஜைப் பற்றியது. ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையைவிட்டு எழுகின்றனவா என்ற கேள்விக்கு, 1878இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் வரிசையாகப் பல கேமராக்களை நிறுத்திப் படமெடுத்து விடை காட்டியவர் மைபிரிட்ஜ். அந்த வேலைக்குப் பணம் கொடுத்தவர் ரயில்பாதை முதலாளி லேலண்ட் ஸ்டான்ஃபோர்ட். அவர் குடும்பத்தின் பெயரில்தான் இன்றைய ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. சினிமாவின் முன்வரலாற்றை எழுதுகிறவர் யாரும் மைபிரிட்ஜைத் தாண்டிப் போக முடியாது.

மைபிரிட்ஜ் என்ற பெயரைக் கேட்டதுமே விருந்தளித்தவர் இடைமறித்தார். அவரைப் பற்றி இந்த ஆண்டு மிக முக்கியமான ஒரு புத்தகம் வந்திருக்கிறதே, தெரியுமா என்று கேட்டுவிட்டு, அந்தப் புத்தகத்தின் பெருமையை விவரிக்கத் தொடங்கிவிட்டார். அது சோல்னிட் எழுதிய அதே புத்தகம். அது இவருடைய புத்தகம்தான் என்று சாலி இடையில் சொல்லிப் பார்த்தார். அவர் காதில் ஏறவில்லை. மூன்று நான்கு முறை சொன்ன பிறகே உறைத்தது. முகம் வெளுத்துப் போனது. அந்தப் புத்தகத்தை அவர் படித்திருக்கவும் இல்லை, நியூயார்க் டைம்ஸில் வந்த மதிப்புரையை மட்டுமே படித்திருந்தார்.

இந்தக் கதையில் என்னை உலுக்குவது அந்தப் பணக்காரரின் ஆணவம்கூட இல்லை. தன்னுடைய புத்தகத்தைப் பற்றியே ஒருவர் இவ்வளவு உறுதியாகப் பேசியபோது, அதே ஆண்டில் அதே பொருளில் தான் அறியாத இன்னொரு புத்தகம் வந்திருக்குமோ என்று சோல்னிட்டுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது. அதை அவரே எழுதியிருக்கிறார். புத்தகத்தை எழுதியவரையே தன் அறிவைச் சந்தேகிக்க வைக்கும் அந்த உறுதியான குரலைப் பள்ளி வயதிலிருந்து கேட்டு வளரும் பெண்களின் நிலை என்ன? அந்தப் புத்தகம் பின்னர் அமெரிக்காவின் தேசியப் புத்தக விமர்சகர் வட்டத்தின் விருதைப் பெற்றது.

அந்த அனுபவம் எப்போது எழுத்தானது?

ஐந்து ஆண்டுகள் கழித்து. இந்தக் கதையைத் தோழிகளிடம் பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார். எழுதியே ஆக வேண்டும் என்று இளம் தோழி ஒருவர் வற்புறுத்திய பிறகு, 2008இல் ஒரே காலைப்பொழுதில் உட்கார்ந்து எழுதி முடித்தார். ஆண்கள் தமக்கு விஷயங்களை விளக்குகிறார்கள் என்ற பொருளில் தலைப்பு வைத்தார். அந்த ஆண்டு ஏப்ரலில் டாம்டிஸ்பாட்ச் இணைய இதழில் வெளியாகி, இணையம் முழுக்கப் பரவியது. 2014இல் அதே தலைப்பில் ஒரு கட்டுரைத் தொகுப்பும் வந்தது.

கட்டுரை முழுவதும் அந்த விருந்தைப் பற்றித்தானா?

இல்லை. விருந்து வாசல்தான். பரவலாக மேற்கோள் காட்டப்படுவது அந்தக் கதை என்பதால், கட்டுரை உயர்குடி விருந்துகளில் பெண்கள் படும் சங்கடத்தைப் பற்றியது என்று பலர் எண்ணிவிட்டார்கள். உள்ளே இருப்பது அதைவிடக் கனமானது.

அணு ஆயுத ஆய்வில் பணிபுரிந்த ஓர் இயற்பியலாளர், தன் குடியிருப்பில் நடந்ததை வேடிக்கைக் கதையாகச் சொன்னதை சோல்னிட் நினைவுகூர்கிறார். அண்டை வீட்டுப் பெண் ஒருவர் நள்ளிரவில் ஆடையின்றி வெளியே ஓடிவந்து, கணவன் தன்னைக் கொல்லப் பார்ப்பதாக அலறினாராம். அவன் உண்மையிலேயே கொல்லப் பார்க்கவில்லை என்பது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று சோல்னிட் கேட்டிருக்கிறார். அவர்கள் கௌரவமான நடுத்தரக் குடும்பம் என்று அவர் பொறுமையாக விளக்கியிருக்கிறார். ஆகவே கொலை முயற்சி இருக்க முடியாது. அந்தப் பெண்ணுக்குப் புத்தி பேதலித்திருக்க வேண்டும். இதுதான் அவருடைய தீர்ப்பு.

அமெரிக்க உளவுத்துறையான எஃப்.பி.ஐ.யில் பணியாற்றிய கோலீன் ரவுலியையும் அந்தக் கட்டுரை தொடுகிறது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு முன்பே தம் அலுவலகம் விடுத்த எச்சரிக்கைகள் மேலிடத்தில் கேட்கப்படவில்லை என்று சொன்னவர் அவர். தன் புத்தகத்தைத் தன்னிடமே விளக்கக் கேட்பதால் போவது ஒரு மாலைப்பொழுது. அடி வாங்குகிறேன் என்று ஒரு பெண் சொல்லும்போது நம்ப மறுத்தால் உயிரே போகலாம். இரண்டுக்கும் வேர் ஒன்று என்பதே சோல்னிட்டின் வாதம்: பெண் தன் அனுபவத்துக்கே நம்பத்தகுந்த சாட்சி இல்லை என்ற எண்ணம். இந்தச் சொல்லை இலேசான கேலிச்சொல் என்று ஒதுக்குகிறவர்கள் அந்தக் கட்டுரையின் இந்தப் பகுதியைப் படிக்க வேண்டும் என்று உளமார விரும்புகிறேன்.

அப்படியானால் சொல்லை உருவாக்கியவர் சோல்னிட்தானே?

பலர் இப்படித்தான் எழுதுகிறார்கள். தவறு. அவருடைய கட்டுரையில் இந்தச் சொல் எங்குமே கிடையாது. கட்டுரை வந்த அதே 2008இல், இணைய உரையாடல்களில் யாரோ இதைப் புழங்கத் தொடங்கினார்கள். பெயர் சொல்லிச் சுட்டத்தக்க ஒருவர் இல்லை. சொல்லின் பிறப்புக்கும் தமக்கும் தொடர்பில்லை என்று சோல்னிட்டே தம் தொகுப்பில் குறிப்பெழுதியிருக்கிறார்.

அகராதிகளில் எப்போது ஏறியது?

2010இல் நியூயார்க் டைம்ஸ் தன் ஆண்டுச் சொற்கள் பட்டியலில், இப்படி விளக்குகிற ஆளைக் குறிக்கும் வடிவத்தைச் சேர்த்தது. 2014இல் ஆஸ்திரேலியாவின் மக்வாரி அகராதி ஆண்டின் சொல்லாக இதைத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டின் இணைய அகராதியும், 2018இல் ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியும் மெரியம்-வெப்ஸ்டரும் இடமளித்தன. பத்தே ஆண்டில் பேரகராதிக்குள் போவது சாதாரணப் பயணமில்லை.

இந்தச் சொல் வருவதற்கு முன் ஆங்கிலத்தில் இதற்கு வார்த்தையே இல்லையா?

நெருக்கமான இரண்டு பழைய சொற்கள் இருந்தன. இரண்டின் வரலாறும் சுவையானது, கொஞ்சம் நின்று பார்க்கத் தகுந்தது.

ஒன்று 'கண்டிசென்ஷன்'. லத்தீன் வேரில் இதற்குக் 'கூடவே கீழே இறங்கி வருதல்' என்று பொருள். பதினெட்டாம் நூற்றாண்டு வரை இது பாராட்டுச் சொல்லாகவும் வழங்கியது. பிரபு ஒருவர் தன் உயரத்திலிருந்து இறங்கி வந்து எளியவரோடு சரிசமமாகப் பேசினால் அது நற்குணம். 1755இல் வந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி, உயர்நிலையிலிருந்து தானே விரும்பி இறங்குவது என்ற பொருளைத்தான் தருகிறது. 1813இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் காலின்ஸ் என்ற பாதிரியார், தன்னை ஆதரிக்கும் சீமாட்டியின் இந்தக் குணத்தை வாய் ஓயாமல் புகழ்கிறார். அவர் புகழ்ச்சியாகச் சொல்வது வாசகருக்கு வேறு விதமாகக் கேட்கிறது. பிறப்பால் சிலர் உயர்ந்தவர் என்பதை எல்லோரும் ஏற்றுக்கொண்ட காலத்தில் இறங்கி வருவது பெருந்தன்மை. அந்த ஏற்பு ஆட்டம் கண்ட பிறகு, "நீ இறங்கி வருகிறாய் என்றால், மேலே இருப்பதாக உன்னை யார் சொன்னது?" என்ற கேள்வி எழுந்தது. பாராட்டு, 'உன்னைவிட நான் மேல்' என்ற தோரணையைக் குறிக்கும் வசையானது.

மற்றொன்று 'பேட்ரனைஸ்'. தந்தையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து 'பேட்ரன்', அதாவது புரவலர். அதிலிருந்து இந்த வினை. ஆதரவு தருவது என்ற நல்ல பொருளில் தொடங்கி, பெரியவர்களையும் குழந்தைகளாகப் பாவித்து நடத்துவது என்ற பொருளுக்கு வந்து சேர்ந்தது. புரவலர் என்ற சொல்லுக்கு ஜான்சன் தம் அகராதியில் தந்த விளக்கத்தில், பெரும்பாலும் ஆணவத்தோடு ஆதரித்து முகஸ்துதியைக் கூலியாகப் பெறும் அற்பர் என்றும் சேர்த்தார். அகராதி வேலை நடந்த ஆண்டுகளில் தம்மைக் கண்டுகொள்ளாமல், முடிந்த பிறகு பாராட்ட வந்த செஸ்டர்ஃபீல்ட் பிரபு மீது அவருக்கு இருந்த கோபம் அதில் தெரிகிறது.

இந்த இரண்டு சொற்களும் மேல்-கீழ் என்ற உறவைச் சொல்கின்றன. யார் மேலே, யார் கீழே, எந்த அடிப்படையில் என்று சொல்வதில்லை. 2008இல் பிறந்த சொல் அந்த அடிப்படையைத் தன் முதல் அசையிலேயே வைத்திருக்கிறது.

ஒரு பெயர் இருப்பதால் என்ன வந்துவிடப் போகிறது?

நிறைய வரும். பெயரில்லாத துன்பத்தை அனுபவிப்பவர் அதைத் தன் தனிப்பட்ட துரதிர்ஷ்டம் என்றோ, தன் குறை என்றோ நினைத்துக்கொள்வார். மெய்யியலாளர் மிராண்டா ஃபிரிக்கர் 2007இல் வெளியிட்ட நூலில், அறிவு சார்ந்த அநீதி இரண்டு வகைப்படும் என்கிறார். யார் சொல்கிறார் என்பதை வைத்து ஒருவருடைய சொல்லுக்குரிய மதிப்பைக் குறைப்பது முதல் வகை. தனக்கு நடப்பதைப் புரிந்துகொள்ளவும் சொல்லவும் தேவையான கருத்தே சமூகத்தில் இல்லாமல் ஒருவர் தவிப்பது இரண்டாவது. ஆஸ்பென் விருந்தில் நடந்தது முதல் வகை. அதை "என்னவோ மாதிரி இருந்தது" என்பதற்கு மேல் சொல்ல முடியாமல் இருந்தது இரண்டாவது வகை.

இரண்டாம் வகைக்கு ஃபிரிக்கர் காட்டும் சான்று கார்மிட்டா வுட் என்ற பெண்ணின் வழக்கு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் எட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவர், ஒரு பேராசிரியரின் அத்துமீறல்களைத் தாங்க முடியாமல் வேலையை விட்டார். வேலையில்லாதோர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தபோது, ஏன் வேலையை விட்டீர்கள் என்ற கேள்விக்கு எழுதுவதற்கு அவரிடம் ஒரு சொல் இல்லை. சொந்தக் காரணம் என்று எழுதினார். உதவித்தொகை மறுக்கப்பட்டது. 1975இல் லின் ஃபார்லி உள்ளிட்ட பெண்கள் கூடிப் பேசி, பாலியல் தொல்லை என்ற பொருள் தரும் ஆங்கிலத் தொடரைத் தேர்ந்தார்கள். இன்று அது பல நாடுகளின் சட்டங்களில் இருக்கிறது. இந்திய உச்ச நீதிமன்றம் 1997இல் விசாகா வழக்கில் அதற்கு வரையறை கொடுத்தது, 2013இல் நாடாளுமன்றம் தனிச்சட்டமே இயற்றியது. பெயர் கிடைத்திராவிட்டால் எந்த மனுவில் என்னவென்று எழுதியிருப்பார்கள்?

மேன்ஸ்ப்ளெயினிங் குற்றமல்ல, சட்டம் போட வேண்டியதும் இல்லை. ஆனால் பெயர் வந்ததும், "எனக்கும் இதேதான் நடந்தது" என்று பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள முடிந்தது.

பொதுவெளியில் நடந்த எடுத்துக்காட்டு ஏதாவது உண்டா?

2016இல் நாசா விண்வெளி வீரர் ஜெசிகா மீர், 63,000 அடிக்கு மேற்பட்ட உயரத்துக்குச் சமமான குறைந்த அழுத்தத்தில் தாம் பயிற்சி பெற்றதையும், அங்கே தண்ணீர் தானாகவே கொதிப்பதையும் ட்விட்டரில் வீடியோவோடு பகிர்ந்தார். "தானாக இல்லை, இது எளிய வெப்ப இயக்கவியல்" என்ற பொருளில் ஓர் ஆண் உடனே திருத்தம் சொன்னார். மீர் கடல்சார் உயிரியலில் முனைவர் பட்டம் பெற்றவர், அந்தப் பயிற்சி அறைக்குள் விண்வெளி உடையில் நின்றவரும் அவரே. 2019 அக்டோபரில், பெண்கள் மட்டுமே பங்கேற்ற முதல் விண்வெளி நடையில் கிறிஸ்டினா கோக்குடன் சென்றவரும் அவர்தான்.

அதே 2016இல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழுக் கூட்டம் ஒன்றில், அமைச்சர் மிட்ச் ஃபிஃபீல்ட் அளித்த விளக்கத்தை செனட்டர் கேட்டி கல்லாகர் இந்தச் சொல்லால் குறிப்பிட்டார். பெண்ணைப் பார்த்து நான் இப்படி ஒரு சொல்லைப் பயன்படுத்தினால் ஏற்பீர்களா என்று அமைச்சர் கொதித்தார். ஸ்வீடனில் யூனியோனென் என்ற பெரிய தொழிற்சங்கம், அலுவலகத்தில் இப்படி அனுபவப்பட்டவர்கள் அழைத்துப் பேசுவதற்கென 2016 நவம்பரில் ஒரு வாரத்துக்குத் தொலைபேசி எண் ஒன்றையே திறந்தது. அதற்கும் பாராட்டோடு எதிர்ப்பும் வந்தது.

இதற்கு ஆய்வு ஆதாரம் உண்டா, வெறும் அனுபவக் கதைகள்தானா?

பக்கத்து விஷயமான இடைமறித்துப் பேசுவதைப் பற்றி நிறைய ஆய்வுகள் உண்டு. 1975இல் டான் ஜிம்மர்மனும் கேண்டஸ் வெஸ்ட்டும் ஆணும் பெண்ணும் பேசிக்கொண்ட 11 உரையாடல்களைப் பதிவுசெய்து ஆராய்ந்தார்கள். 48 இடைமறிப்புகளில் 46 ஆண்கள் செய்தவை. மிகச் சிறிய மாதிரி, பின்வந்த ஆய்வுகளின் முடிவுகள் எல்லாம் இவ்வளவு ஒருபக்கமாக இல்லை. 2017இல் டோன்யா ஜாக்கோபி, டிலன் ஷ்வியர்ஸ் இருவரும் அமெரிக்க உச்ச நீதிமன்ற வாய்வழி வாதங்களை ஆராய்ந்தபோது, பெண் நீதிபதிகள் ஆண் நீதிபதிகளைவிடக் கணிசமாக அதிகம் இடைமறிக்கப்படுவது தெரிந்தது. நாட்டின் உச்ச நீதிமன்ற நாற்காலியில் உட்கார்ந்த பிறகும்! வாதங்களின் நடைமுறையில் பின்னர் வந்த மாற்றத்துக்கு இத்தகைய ஆய்வுகளும் ஒரு காரணம் என்று நீதிபதி சோனியா சோட்டோமேயர் 2021இல் கூறினார்.

பெண்கள் இப்படிப் பேசுவதே இல்லையா?

பேசுகிறார்கள். மாமியார் மருமகளிடம், மேலதிகாரி கீழ்நிலை ஊழியரிடம், நகரத்தார் கிராமத்தாரிடம் பேசும்போதெல்லாம் இது நடக்கிறது. வெள்ளையர் கறுப்பின மக்களுக்கு இனவெறி என்றால் என்னவென்று விளக்குவதைக் குறிக்க, இதே வாலை ஒட்டி ஆங்கிலத்தில் இன்னொரு சொல்லும் வந்துவிட்டது. அதிகாரம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் இந்த நோய் உண்டு. ஆண்-பெண் உறவில் அது திரும்பத் திரும்ப ஒரே திசையில் நிகழ்வதால்தான் அதற்குத் தனிப்பெயர் தேவைப்பட்டது.

ஆண்கள் எல்லோரையும் குற்றம் சாட்டும் சொல் இல்லையா இது?

இந்த ஆட்சேபத்தில் நியாயம் உண்டு. சோல்னிட்டுக்கே இந்தத் தயக்கம் இருந்தது. சில ஆண்கள் விளக்கக் கூடாததை விளக்குகிறார்கள், கேட்க வேண்டியதைக் கேட்பதில்லை என்பதே தம் கருத்து. ஆண்களின் பிறவிக்குணமே இது என்று இந்தச் சொல் ஒலிக்கிறதோ என்று அவர் எழுதினார். பிறகு ஓர் ஆய்வு மாணவி, இந்தச் சொல் எங்களுக்கு எவ்வளவு தேவைப்பட்டது தெரியுமா என்று எடுத்துச்சொன்னதும் தம் கருத்தை மாற்றிக்கொண்டதாகவும் கூறியிருக்கிறார்.

தவறான பயன்பாடும் நடக்கிறது. வாதத்தில் பதில் சொல்ல முடியாதபோது, எதிரில் இருப்பவர் ஆண் என்பதற்காகவே இந்தச் சொல்லை வீசி வாயடைப்பது அநியாயம். அவர் சொன்னது சரியா தவறா என்ற கேள்வி அப்படியே நிற்கும். ஆண் ஒருவர் மாற்றுக்கருத்து சொல்வதும், விஷயம் தெரிந்து விவாதிப்பதும் மேன்ஸ்ப்ளெயினிங் அல்ல. சொல்லைக் கண்ட இடத்தில் எல்லாம் செலவழித்தால், உண்மையில் தேவைப்படும் பெண்ணின் கையில் அது மழுங்கிப் போயிருக்கும்.

மற்ற மொழிகளில் என்ன சொல்கிறார்கள்?

ஐஸ்லாந்து மொழியில் வந்ததே எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே விளக்கத்தைக் குறிக்கும் சொல் 'ஊட்ஸ்கீரிங்'. ஆட்டுக்கடாவுக்கு 'ஹ்ரூட்டூர்'. இரண்டையும் பிணைத்து, ஒலி கெடாமல் 'ஹ்ரூட்ஸ்கீரிங்' என்றார்கள். கடா முட்டிக்கொண்டு வருவதும் விளக்கம் வருவதும் ஒரே சொல்லில். ஜெர்மனில் ஆணுக்குரிய மரியாதைச் சொல்லான 'ஹெர்'ரை ஒட்டினார்கள். பிரெஞ்சிலும் ஸ்பானிய மொழியிலும் இதே வழியில் சொற்கள் உண்டு.

தமிழில் இதற்கு நல்ல சொல் இருக்கிறதா?

நடத்தையைப் பிடித்துவைத்திருக்கும் பழமொழி உண்டு: கொல்லன் தெருவில் ஊசி விற்பது. எல்லாம் தெரிந்த ஏகாம்பரம் என்ற வழக்கும் உண்டு. இரண்டிலும் ஆண்-பெண் என்ற பரிமாணம் கிடையாது.

இதைத் தேடும்போது ஒன்று கண்ணில் படுகிறது. அளவுக்கு மீறிப் பேசுபவரைக் கண்டிக்கத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை: அதிகப்பிரசங்கி, வாயாடி, முந்திரிக்கொட்டை, வாய்த்துடுக்கு. பெரும்பாலும் இவை யார்மேல் பாய்கின்றன? சிறுவர்மேல், இளையவர்மேல், பெண்கள்மேல். கீழே இருப்பவர் வாய் திறந்தால் அடக்கத்தான் இவை. மேலே இருப்பவர் தேவையில்லாமல் பேசினால் அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர்கள் அறிவுரை, உபதேசம், புத்திமதி. அவற்றில் கண்டனம் இல்லை, மரியாதைதான் இருக்கிறது. ஆகவே நேர்ச்சொல் கிடைக்காததில் வியப்பில்லை.

'ஆண்விளக்கம்' என்று மொழிபெயர்க்கலாம். கேட்பவருக்குச் சட்டென்று பொருள் எட்டாது, ஆணைப் பற்றிய விளக்கம் என்றும் கொள்ளலாம். நல்ல சொல் பேச்சிலிருந்து எழும்வரை 'மேன்ஸ்ப்ளெயினிங்' என்றே எழுதி, முதல் முறை பொருளைச் சொல்லிவிடுவது சரி என்பது என் கருத்து.

எனக்கு விளக்கும் பழக்கம் உண்டு. நான் இதைச் செய்கிறேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தொடங்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதைப் பற்றி உங்களுக்குப் பழக்கம் உண்டா?" பதிலுக்குக் காத்திருங்கள். உண்டு என்று வந்தால், விளக்கத்தை விட்டுவிட்டு அவருடைய அனுபவத்தைக் கேளுங்கள். இடையில் அவர் "தெரியும்" என்று சொன்னால் அந்த வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இதே விஷயத்தை இதே தொனியில் உங்கள் வயதுடைய ஆண் நண்பரிடம் சொல்வீர்களா என்றும் எண்ணிப் பாருங்கள். அவரிடம் சொல்லத் தயங்குவீர்கள் என்றால் பிரச்சினை அங்கேதான்.

அலுவலகக் கூட்டத்தில் எனக்கு இது நடக்கிறது. என்ன செய்யலாம்?

முதல் முறையே சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள்: "இந்தத் திட்டத்தை வடிவமைத்தது நான்தான். எனக்கு வேண்டியது அடுத்த கட்டத்தைப் பற்றிய உங்கள் கருத்து." மன்னிப்பு கேட்கும் குரலும் வேண்டாம், சண்டைக் குரலும் வேண்டாம். உங்கள் பணி எது என்பதும் பேச்சு எங்கே போக வேண்டும் என்பதும் அதிலேயே தெளிவாகிவிடும்.

தனியாக மல்லுக்கட்டுவதைவிடக் கூட்டாகச் செய்வது பலன் தரும். ஒபாமா ஆட்சிக் காலத்தில் வெள்ளை மாளிகையில் பணியாற்றிய பெண்கள் ஒரு வழி வகுத்திருந்ததை 2016இல் வாஷிங்டன் போஸ்ட் வெளியிட்டது. கூட்டத்தில் ஒரு பெண் முக்கியமான கருத்தைச் சொன்னால், மற்ற பெண்கள் அவர் பெயரைச் சொல்லி அதை மறுபடியும் எடுத்துரைப்பார்கள். கருத்து காற்றோடு போகாது, வேறொருவர் அதைத் தனதாக்கிக்கொள்ளவும் முடியாது. அதிபர் ஒபாமா இதைக் கவனித்துப் பெண்களையும் இளைய ஊழியர்களையும் அதிகம் பேச அழைக்கத் தொடங்கினார் என்கிறது அந்தச் செய்தி. இதற்கு மேலதிகாரியின் அனுமதி தேவையில்லை. கூட்டத்துக்கு முன் சக ஊழியர் ஒருவரிடம் பேசி வைத்துக்கொண்டால் போதும், அடுத்த கூட்டத்திலேயே தொடங்கிவிடலாம். ஆண் சக ஊழியரும் இதைச் செய்யலாம். "அவர் சற்று முன் சொன்னதைத்தான் நாம் இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம், அவரே முடிக்கட்டும்" என்று அவர் ஒரு வாக்கியம் சொன்னால், பேச்சு உரியவரிடம் திரும்பிவிடும்.